செயலியில் ஓடுகிறவனுக்கு முதலாளி யார்?

வாசகர் கேள்வி, 13 மார்ச் 2025

அமெரிக்காவில் புதிய தொழிலாளர் செயலாளர் வந்ததை இங்கே ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறீர்கள்? செயலியில் சாப்பாடு கொண்டுபோகிற பிள்ளைகள் தங்களுக்குத் தாங்களே முதலாளிகள். விரும்பினால் ஓடுகிறார்கள், விரும்பாவிட்டால் நிறுத்துகிறார்கள். கிளிநொச்சியில் இருந்துகொண்டு வாஷிங்டனைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது?

14 மார்ச் 2025

விரும்பாவிட்டால் நிறுத்தலாம் என்பதை மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் கட்டுகிறவனிடம் போய்ச் சொல்லுங்கள். தவணைத் திகதி எவருடைய விருப்பத்தையும் கேட்டு வருவதில்லை.

வாஷிங்டன் எதற்கு என்றால், நீங்கள் கேட்ட இதே கேள்விக்காக அங்கே நியமனங்களே முடங்கிப் போயிருக்கின்றன. இந்த வாரம் 67க்கு 32 என்ற வாக்குகளில் செனட்டில் தேறிய புதிய செயலாளர் லோரி சாவேஸ்-டிரீமரைச் சற்று விடுங்கள். அவருக்கு முன்பிருந்த ஜூலி சூவைப் பாருங்கள். 2023 பெப்ரவரியில் பைடன் அவருடைய பெயரை முன்மொழிந்தார். செனட்டில் பைடனின் கட்சிக்கே பெரும்பான்மை இருந்தது. ஆனாலும் முழுச் சபையின் வாக்கெடுப்புக்கு அந்தப் பெயர் கடைசிவரை வரவில்லை. இந்த ஜனவரியில் ஆட்சி மாறும்வரை பதில் செயலாளராகவே இருந்துவிட்டுப் போனார். அவரை எதிர்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது, கலிபோர்னியாவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பாக இருந்தபோது ஏபி-5 சட்டத்தின் பக்கம் நின்றார் என்பதைத்தான்.

2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், வேலை செய்கிறவரைத் தொழிலாளி என்றே முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று சொல்ல விரும்பும் நிறுவனம் மூன்றை நிரூபிக்க வேண்டும்: அவர் தன் கட்டுப்பாட்டில் இல்லை; அவர் செய்வது தன் வழமையான வியாபாரத்துக்கு வெளியே உள்ள வேலை; அந்தத் தொழிலை அவர் தனியாகவும் நடத்துகிறார். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற நிறுவனம், சாப்பாடு கொண்டுபோவது தன் வியாபாரமே இல்லை என்று எந்த முகத்தோடு நிரூபிக்கும்? ஆகவே அந்த ஆண்டு நவம்பரில் செயலி நிறுவனத்தார் நேரே வாக்காளர்களிடம் போனார்கள். 20 கோடி டொலருக்கு மேல் செலவழித்து, 22ஆம் முன்மொழிவு என்ற ஒன்றை மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றித் தங்களுக்கு விலக்கு வாங்கிக்கொண்டார்கள். 2024 ஜூலையில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

தங்களுக்குத் தாங்களே முதலாளிகளாக இருக்கிறவர்களை அப்படியே வைத்திருக்க, இன்னொருவர் 20 கோடி டொலர் செலவழிக்கிறார். அது யாருடைய நன்மைக்கு என்று யோசியுங்கள்.

14 மார்ச், இரவு

ஜூலி சூவைப் பற்றி இன்னொன்று. 1995இல் எல் மொன்டே என்ற ஊரில், பூட்டிய கட்டடத்துக்குள் அடைத்துத் தைக்க வைக்கப்பட்ட 70க்கும் மேற்பட்ட தாய்லாந்துத் தொழிலாளர்களுக்காக வழக்காடிய இளம் சட்டத்தரணி இவர்தான். அங்கேயும் பெரிய ஆடை நிறுவனங்கள், அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, கொந்தராத்துக்காரனின் ஆட்கள் என்றுதான் கையை விரித்தன. செயலி பிறப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்பே இந்தச் சாட்டு இருந்திருக்கிறது.

16 மார்ச் 2025

வவுனியா நண்பர், இதெல்லாம் கொழும்புக் கதை, எங்கள் பக்கத்தில் செயலி ஓட்டம் அவ்வளவு இல்லையே என்கிறார். ஓட்டம் கொழும்பில்தான். ஓடுகிற பிள்ளைகள் எங்கேயிருந்து போனவர்கள்? பின்னேரத்தில் வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகளின் வாசலில் நின்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். தருமபுரம், விசுவமடு, மல்லாவி என்று ஊர்ப் பெயர்கள் வரும்.

என் அக்காவின் மகனும் அப்படிப் போனவன்தான். உயர்தரம் எழுதிவிட்டு வேறு மூவரோடு ஓர் அறை எடுத்து, லீசிங்கில் வாங்கிய மோட்டார் சைக்கிளில் ஓடினான். ஒருமுறை அவன் பின்னால் இருந்து போயிருக்கிறேன். கைபேசியைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு, றப்பர் பட்டியால் கைபிடியில் கட்டியிருந்தான். ஓடர் வந்தால் திரையில் ஒரு வட்டம் தேய்ந்துகொண்டே போகும். அது முடிவதற்குள் தொட வேண்டும். தொடாமல் விட்டால் ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். "ஒன்றும் ஆகாது மாமா, அடுத்தது வரச் சுணங்கும், அவ்வளவுதான்" என்றான். கூலி எவ்வளவு என்பதை அவன் சொல்வதில்லை. எந்தக் கடை, எந்த வீடு என்பதும் திரை சொல்வதுதான். வாடிக்கையாளர் நட்சத்திரத்தைக் குறைத்தால் ஏன் குறைத்தார் என்று கேட்க ஆள் இல்லை. இப்படிப்பட்ட முதலாளியை நான் பரந்தன் சந்தியில் எந்தக் கடையிலும் கண்டதில்லை.

மழை நாளொன்றில் ஒரு தொடர்மாடி வீட்டில் பொதியைக் கொடுத்துவிட்டு, ஒப்படைத்தாயிற்று என்ற பொத்தானை அமர்த்திவிட்டுத் தெருவுக்கு இறங்கியிருக்கிறான். முன்னால் போன ஓட்டோ சடுதியாக நின்றது. இவன் சறுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டான். காப்புறுதி உண்டு என்று சேர்க்கும்போது சொல்லியிருந்தார்கள். கேட்டபோது, ஓடரை ஏற்றதிலிருந்து ஒப்படைக்கும்வரைக்கும்தான் அது என்றார்கள். விழுந்த நேரத்தில், திரையின் கணக்கில், அவன் வேலையில் இல்லை. தெருவில் கிடந்தபோது அடுத்த ஓடருக்கான வட்டம் தேயத் தொடங்கியிருந்ததாம்.

எந்த நிறுவனம் என்று தனிச்செய்தியில் கேட்கிறவர்களுக்கு: சொல்லப் போவதில்லை.

18 மார்ச் 2025

காப்புறுதி வேறு, தொழிலாளியா இல்லையா என்பது வேறு, இரண்டையும் குழப்புகிறீர்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். குழப்பவில்லை. 1934ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டில் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2022இல் அதைத் திருத்தி, வேலைக்குப் போகிற வருகிற வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்தார்கள். ஓர் அரிசி ஆலைத் தொழிலாளி வீட்டுக்குப் போகும் வழியில் சைக்கிளால் விழுந்தால் சட்டம் அவரோடு விழுந்த இடம்வரை போகிறது. என் மருமகனோ வேலை செய்கிற தெருவிலேயே விழுந்தான். அவன் எந்த வகை என்று முதலில் தெரிந்தால்தானே எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்?

அத்தோடு, அமைச்சர் கதிரையை மட்டும் பார்க்காதீர்கள். டேவிட் வைல் என்ற பேராசிரியரை பைடன் தொழிலாளர் திணைக்களத்தின் சம்பள, வேலைநேரப் பிரிவின் தலைமைக்கு முன்மொழிந்தார். முன்பு ஒபாமா காலத்தில் அதே கதிரையில் இருந்து, பெரும்பாலானவர்கள் தொழிலாளிகளே என்று 2015இல் விளக்கம் வெளியிட்டவர். 2022 மார்ச்சில் செனட் அவரைத் தோற்கடித்தது. பைடனின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த மூன்று பேர்கூட எதிர்த்து வாக்களித்தார்கள். பரிசோதகர்களை எந்த வாசலுக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கிற கதிரை அது. நிறுவனங்களுக்கு அதன் அருமை நன்றாகத் தெரியும்.

23 மார்ச் 2025

காலபோக வெட்டு முடிந்துவிட்டது. இன்று கணக்குப் புத்தகங்களோடு உட்கார்ந்தபோது தோன்றியது: எங்கள் வயல்களில் செயலி எப்போதோ வந்துவிட்டது, கைபேசிக்குள் வரவில்லை, அவ்வளவுதான். வெட்டு இயந்திரத்தைத் தெற்கிலிருந்து கூட்டிவருகிற தரகரைத்தான் சொல்கிறேன். எந்த இயந்திரம் எந்த வயலுக்கு, ஏக்கருக்கு எவ்வளவு, எந்த வரிசை எல்லாம் அவர் கையில். ஏக்கருக்கு இவ்வளவு என்று தன் பங்கை எடுத்துவிடுவார். சாரதிக்கு ஒன்று நடந்தால், நான் இடையில் நின்றவன் மட்டுமே என்பார்.

ஆனால் தரகரைத் தேநீர்க் கடையில் பிடித்துச் சண்டை போடலாம். இந்த முறை மழைக்கு முன் தன் வயலுக்கு இயந்திரம் வரவில்லை என்று முரசுமோட்டையில் ஒருவர் அப்படிப் பிடித்தார். அடுத்த நாள் இயந்திரம் போனது. திரையை எந்தக் கடையில் பிடிப்பது?

5 ஏப்ரல் 2025

வரவுசெலவுத் திட்டத்தில் சொன்னபடி தனியார் துறையின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் இந்த மாதத்திலிருந்து 27,000 ரூபாய், வருகிற ஜனவரியிலிருந்து 30,000. அக்கா கேட்டாள், தம்பிக்கும் அது உண்டா என்று. அவள் மகனைத் தம்பி என்றுதான் சொல்வாள். இல்லை என்றேன். மாதச் சம்பளம் என்று ஒன்றே இல்லாதவனுக்கு ஆகக் குறைந்த மாதச் சம்பளம் எங்கே வரும்?

மார்ச்சில் நான் எழுதியவற்றைத் திரும்ப வாசித்தால், தொழிலாளி என்ற முத்திரை விழுந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல் தொனிக்கிறது. அதைக் கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும். நான் வயிற்றுப்பாட்டுக்குச் செய்வது, ஆலைகளுக்கும் கடைகளுக்கும் கணக்கு எழுதுவது. மாதாமாதம் ஊழியர் சேமலாப நிதிக்கான சி படிவத்தை நிரப்புகிறவன் நான். 1958ஆம் ஆண்டுச் சட்டம்: தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். அதன்மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு முதலாளி 3 வீதம். ஒரேயொரு ஆள் வேலை செய்தாலும் கட்ட வேண்டும். நாட்கூலி, துண்டுக்கூலி என்ற சாட்டு அங்கே எடுபடாது. சட்டத்தில் இவ்வளவும் தெளிவு. ஆனால் எந்த ஆலையின் முற்றத்தில் எத்தனை பேர் மூட்டை தூக்குகிறார்கள், படிவத்தில் எத்தனை பெயர் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்கிற இடம் குறைவு. தொழிலாளிதான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லாதவர்களின் நிலையே இது.

மருமகன் இப்போது அப்படியொரு முற்றத்தில்தான் நிற்கிறான். கை தேறிவிட்டது, பாரம் தூக்கினால் நோகிறது. பெயரைச் சேர் என்று ஆலைக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். பார்ப்போம் என்றார். நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

6 ஏப்ரல் 2025

ஒரு பெரியவர், பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பளம் எல்லாம் நடந்த காலத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை என்று எழுதியிருக்கிறார். உண்மைதான். சங்கு ஊதும், உள்ளே போவார்கள், சங்கு ஊதும், வெளியே வருவார்கள். யார் முதலாளி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஐயா, உப்பளத்தில் பருவத்துக்குக் கூலியாக நின்றவர்களையும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் வேறு கதை சொல்வார்கள்.

3 மே 2025

மார்ச்சில் கேள்வி கேட்ட நண்பருக்கு இது. உலகமெல்லாம் தொழிலாளர் ஊர்வலம் போன மே 1ஆம் திகதி, அமெரிக்கத் தொழிலாளர் திணைக்களம் தன் பரிசோதகர்களுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியிருக்கிறது. ஜூலி சூவின் காலத்தில், யார் தொழிலாளி என்று பார்ப்பதற்காக 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஆறு அம்ச விதியை இனி விசாரணைகளில் கையாள வேண்டாம், 2008இல் எழுதிய விளக்கத் தாளைப் பாருங்கள் என்று. விதி நீக்கப்படவில்லை. ஒரு தொழிலாளி தானே வழக்குப் போட்டால் அதைக் காட்டி வாதாடலாம். அரசாங்கம் மட்டும் அதைக் கையால் தொடாது.

அமெரிக்காவின் சம்பள, வேலைநேர அடிப்படைச் சட்டம் 1938இல் எழுதியது. இந்தச் சண்டை முழுவதிலும், தொழிலாளி யார் என்று அதில் சொல்லும் இடத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. 2021 ஜனவரியில் ட்ரம்ப் ஆட்சி போகிற போக்கில் ஒரு விதி எழுதியது. மே மாதம் பைடன் ஆட்சி அதை மீளப்பெற்றது. 2022 மார்ச்சில் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அந்த மீளப்பெறலே செல்லாது என்றது. 2024இல் புதிய விதி. இப்போது அது மேசை இலாச்சிக்குள். ஒரே ஆள், ஒரே கார், ஒரே தெரு. கதிரையில் இருப்பவரைப் பொறுத்து அவர் தொழிலாளி ஆகிறார், வியாபாரி ஆகிறார், மறுபடி தொழிலாளி ஆகிறார். நியமனத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள் அல்லவா?

சாவேஸ்-டிரீமரைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லை என்ற குறை இருந்தது. காங்கிரஸில் இருந்தபோது தொழிற்சங்கங்கள் கேட்ட 'புரோ' சட்டமூலத்தை ஆதரித்த மிகச் சில குடியரசுக் கட்சியினரில் ஒருவர். அந்தச் சட்டமூலத்திலும் கலிபோர்னியாவின் அதே மூன்று கேள்விகள் இருந்தன. பதவிக்கான விசாரணையில் அதிலிருந்து மெதுவாக நழுவினார். எங்கள் அரசியல்வாதிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் புதினம் எதுவுமில்லை.

25 மே 2025

வற்றாப்பளைப் பொங்கல் நெருங்குகிறது. பாதி ஊர் அங்கே போக ஆயத்தம். எழுத இப்போதுதான் நேரம் கிடைத்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1950ஆம் ஆண்டுக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் தொழிலாளி யார் என்று சொல்லும் பிரிவைப் பலர் வாசித்திருக்க மாட்டார்கள். சம்பளத்துக்கு வேலை செய்கிறவரோடு அது நிற்கவில்லை. ஒரு வேலையைத் தானே நேரில் செய்து கொடுப்பதாக ஒப்பந்தம் செய்தவரும் அதற்குள் வருகிறார். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும் இல்லை, வாய்ப்பேச்சே போதும். கலிபோர்னியா 2020இல் திறக்கப் பார்த்த கதவை, நாங்கள் 75 ஆண்டுகளுக்கு முன்பே பாதி திறந்து வைத்திருக்கிறோம்.

ஏன் பாதி? எதிர்ப்பக்கத்தில் ஒரு தொழில்தருநர் நிற்க வேண்டும். நிறுவனம், நான் தொழில்தருநர் இல்லை, கடைக்காரரையும் வாடிக்கையாளரையும் சாரதியையும் சேர்த்துவைக்கிற மென்பொருள் மட்டுமே என்று நிற்கும். பிரித்தானியாவில் ஊபர் அப்படித்தான் நின்றது. 2021 பெப்ரவரி 19ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளிவிட்டது. கட்டணத்தை யார் தீர்மானிக்கிறார், நிபந்தனையை யார் எழுதுகிறார், மதிப்பெண் குறைந்தால் யார் வெளியே தள்ளுகிறார் என்று கேட்டார்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பெரிதுபடுத்தவில்லை. செயலியைத் திறந்து ஓட்டத்துக்கு ஆயத்தமாக நிற்கிற நேரமும் வேலை நேரமே என்றார்கள். என் மருமகன் விழுந்தது சரியாக அந்த நேரத்தில்.

கொழும்பில் கதிரைகளில் யார்? 2023இல் அமைச்சர் மனுஷ நாணயக்கார பழைய சட்டங்களை ஒன்றாக்கி ஒரே வேலைவாய்ப்புச் சட்டம் கொண்டுவரப் பார்த்தார். தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 2024 ஓகஸ்ட்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அவருடைய பாராளுமன்ற ஆசனமே போனது. நவம்பரில் பேராசிரியர் அனில் ஜயந்த பெர்னாண்டோ தொழில் அமைச்சரானார். பிரதி அமைச்சர் மஹிந்த ஜயசிங்க, ஆசிரியர் போராட்டங்களில் முன்னால் நின்ற தொழிற்சங்கவாதி. தெருவிலிருந்து வந்தவர் என்பதால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. கொஞ்சம் சந்தேகமும் உண்டு: மாதச் சம்பளம் நிச்சயமான ஓர் அரச ஊழியர் சங்கத்தைக் கட்டியெழுப்பிய அனுபவம், சங்கமே இல்லாத, ஒருவரையொருவர் கடை வாசலில் மட்டும் காண்கிற பிள்ளைகளுக்கு எவ்வளவு பயன்படும்?

26 மே 2025

பிரதி அமைச்சர் ஜயசிங்கவை, இன்னொரு ஆசிரியர் சங்கத் தலைவரான ஜோசப் ஸ்டாலினோடு சிலர் குழப்புகிறார்கள். இல்லை, அவர் ஜோசப் ஸ்டாலின் இல்லை. ஸ்டாலின் இலங்கை ஆசிரியர் சங்கம். ஜயசிங்க இலங்கை ஆசிரியர் சேவைச் சங்கம். தயவுசெய்து இதை வைத்து இன்னொரு சண்டையைத் தொடங்க வேண்டாம்.

15 ஜூன் 2025

ஜெனீவாவில் சர்வதேச தொழிலாளர் மாநாடு முடிந்தது. செயலி வேலைக்கு வெறும் பரிந்துரை போதாது, நாடுகளைக் கட்டுப்படுத்தும் சமவாயமும் வேண்டும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். அடுத்த ஆண்டு மாநாட்டில் அதை நிறைவேற்றுவதாக எண்ணம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இலேயே தன் கட்டளையை வெளியிட்டுவிட்டது. அங்கே உள்ள நாடுகளுக்கு 2026 டிசம்பர்வரை தவணை. சமவாயத்தில் கையொப்பமிடுவதில் இலங்கை பின்னிற்பதில்லை. அதன் பிறகுதான் எல்லாம் மெதுவாக நடக்கும்.

3 ஜூலை 2025

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி: ஒன்ராறியோவில் ஜூலை 1ஆம் திகதியிலிருந்து செயலித் தொழிலாளருக்குச் சட்டம் வந்துவிட்டது, ஆகக் குறைந்த கூலி உண்டு, காரணம் எழுத்தில் தராமல் நீக்க முடியாது, நீண்ட நீக்கத்துக்கு இரண்டு வாரம் முன்னறிவித்தல் என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். நல்லது. ஆனால் தம்பி, அந்தக் கூலி எந்த நேரத்துக்கு என்று பாருங்கள். ஓடரை ஏற்றதிலிருந்து முடிக்கும்வரை. பனியில் கடை வாசலில் கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிற நேரம் அதற்குள் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் சென்ற செப்டெம்பரிலிருந்து மாகாண ஆகக் குறைந்த கூலியின் 120 வீதம், விபத்து நட்டஈட்டுத் திட்டத்திலும் சேர்த்திருக்கிறார்கள்; கூலிக் கணக்கில் அங்கும் காத்திருப்பு இல்லை.

என்னைக் கேட்டால், தொழிலாளியா வியாபாரியா என்ற வழக்கெல்லாம் கடைசியில் இரண்டு கேள்வியில் வந்து நிற்கிறது. காத்திருக்கும் நேரத்துக்கு யார் கொடுப்பது, விழுந்தால் யார் தூக்குவது. பெயரை என்னவென்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாத சட்டத்தை என் அக்காவிடம் நான் எடுத்துச் சொல்ல மாட்டேன்.

19 ஜூலை 2025

புதுக்குடியிருப்புத் தம்பிக்கு. உங்கள் கணக்கைச் செயலி பூட்டிவிட்டது, காரணம் சொல்லவில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தீர்கள். நான் சட்டத்தரணி இல்லை, படிவம் நிரப்புகிறவன். பூட்டியதாக வந்த செய்தியைத் திகதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். கைபேசி உடைந்தால் எல்லாம் போய்விடும், ஆகவே கடையில் அச்சடித்தும் வையுங்கள். வாரக் கொடுப்பனவு வங்கிக்கு வந்த கூற்று, அவர்கள் தந்த மேலங்கிக்கும் பெட்டிக்கும் காசு வெட்டிய பதிவு, நட்சத்திரம் குறைந்ததற்கு வந்த எச்சரிக்கை எல்லாம் வேண்டும். கட்டுப்பாடு யார் கையில் என்று காட்டுவது அந்தச் சில்லறைத் தாள்கள்தான். தொழில் நியாய சபைக்குப் போவதானால் வேலை போன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அதற்கு முன் தொழில் அலுவலகத்தில் ஒரு முறைப்பாடு எழுதிக் கொடுத்து, பிரதியில் முத்திரை வாங்குங்கள். உங்கள் முதலாளி யார் என்று அங்கே கேட்பார்கள். படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது. செயலியின் பெயரை எழுதாதீர்கள். வங்கிக் கூற்றில் காசு அனுப்பியவர் என்று எந்தக் கம்பனியின் பெயர் இருக்கிறதோ, அதை எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுங்கள்.